குளிர் பார்க்கப் போன கிழமை

ஓகஸ்ட் 8, திங்கள்

காற்று. விடிந்ததில் இருந்து புழுதி. குளத்தில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. நெல் கதிர் சாய்ந்து நிற்கிறது, இன்னும் பத்து நாளில் அரிவி வெட்டலாம். இந்த நேரத்தில் வயலை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறவனுக்கு என்ன பெயர் என்று பக்கத்துக் காணிச் சின்னத்துரையண்ணை காலையில் வேலியடியில் நின்று சொன்னார். எழுத முடியாத பெயர். ஆனாலும் காவலுக்கு நிற்க ஒத்துக்கொண்டார்.

"எட்டு வருசமா ஒரு கலியாண வீட்டிலை அரைநாள் நிக்காத ஆள். இப்ப நுவரெலியாவிலை பெரிய ஹோட்டலாம்."

"அவாவுக்குக் குளிர் பார்க்க ஆசை, அண்ணை."

"ஆசை இப்பதான் வந்ததோ?"

நான் மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

ஆசை பழையது. குசினிச் சுவரில் ஒரு கலண்டர் படம் தொங்குகிறது. வெள்ளைக் கட்டடம், புல்தரை, பூ, பின்னால் மலை. வருசம் முடிந்தும் அவள் அதைக் கழற்றவில்லை. சித்திரை வெக்கையில் அடுப்படியில் வேர்த்து வடிய நின்று, "ஒருநாள் எண்டாலும் கம்பளியாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கவேணும்" என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்வாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இப்போது போவதற்குக் காரணம் வேறு. இந்தக் கொப்பிக்கு மட்டும் சொல்கிறேன்.

என் மனிசி ம.வுக்கு (மனோன்மணி என்று ஒவ்வொரு தரமும் எழுதினால் கொப்பி முடிந்துபோகும்) கல்விக் கந்தோரில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. இங்கே படிப்பிக்கிறவளுக்கு இனி யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடம். தாய்வீட்டில் இருந்து நடந்து போகும் தூரம். தை மாதம் தொடங்கலாம். சம்மதமா இல்லையா என்று இந்த மாதம் இருபதாம் திகதிக்கு முன் எழுதவேண்டும். இடமாற்றம் கேட்டது அவள் இல்லை, அவளுடைய தமையன். தங்கச்சி காட்டுக்குள் கிடந்து காய்ச்சல் பிடித்துச் சாகிறாள் என்று பெரிய மச்சான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவள் போனால் அங்கே. நான் இங்கே. வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிள்ளையும் இல்லை எங்களுக்கு. இந்த வீட்டில் கதைக்கிற சத்தம் என்றால் அது அவளுடைய சத்தம்தான்.

"என்ன எழுத?" என்று கேட்டாள். "உம்மட விருப்பம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அக்கராயன் கொலனியில் அரசாங்கக் காணி கிடைத்தபோது, "ரெண்டு வருசம் பார்ப்பம், சரிவராட்டித் திரும்புவம்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். கொக்குவிலில் லைற் போட்ட வீட்டில் இருந்தவளை ஓலைக் கொட்டிலுக்கு. இப்போது எட்டு வருசம். எந்த முகத்தோடு போகாதே என்று சொல்வது?

ஒருநாள் கிணற்றடியில் முயன்றேன். வாளி மேலே வந்தது, நானும் வாயைத் திறந்தேன். "கயிறு தேய்ஞ்சுபோச்சு" என்று வந்தது.

ஆகவே நுவரெலியா. மாங்குளம் ஸ்டேசன் மாஸ்டரைக் கொண்டு இங்கிலிசில் கடிதம் எழுதுவித்தேன். படத்தில் உள்ள அதே ஹோட்டல். சுடுதண்ணி உண்டு, மலைக் காட்சி உண்டு, அறைக்குள் நெருப்பு மூட்டலாம் என்று பதில். ஒருநாள் வாடகையைச் சொன்னால் என் எருமைகள் சிரிக்கும். பரவாயில்லை. அந்தக் குளிரில், அந்தக் கம்பளிக்குள் அவள் சந்தோசமாக இருக்கும் ஒரு நேரம் பார்த்துச் சொல்லிவிடவேண்டும். ஒரு சொல்தான். போகாதையும்.

கொண்டுபோக: கம்பளிச்சட்டை (மச்சானுடையது, இரவல்), டோர்ச், எலுமிச்சை ஊறுகாய், சித்தாலேபம் மாதிரி ஏதாவது தலைக்குப் பூச, ம.வின் காதுக்குப் பஞ்சு, என் நல்ல வேட்டி இரண்டு.

ஓகஸ்ட் 9, செவ்வாய். மாங்குளம் ஸ்டேசன்

மெயில் வண்டி வர இன்னும் நேரம். முழங்காலில் கொப்பி.

முறிகண்டியில் எல்லா பஸ்ஸும் நிற்கும், எங்களுடையதும் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன். திரும்பினால் ம. கச்சான் கடலைச் சரையோடு நிற்கிறாள்.

"என்ன கேட்டனீங்கள், இவ்வளவு நேரமா?"

"மழை."

"அரிவி வெட்டுக்குப் பத்து நாள் இருக்கேக்கை மழை கேட்கிற கமக்காரனை இப்பதான் பார்க்கிறன்."

பொய் சொல்லவும் எனக்கு ஒழுங்காக வராது. கச்சானை உடைத்து உடைத்து என் கைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். நீலச் சேலை. நல்லாயிருக்கு என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் மாங்குளம் வந்துவிட்டது.

ஓகஸ்ட் 10, புதன். பின்னேரம், ஹோட்டல் அறை

மழை. பிள்ளையார் கேட்டதைக் கொடுத்துவிட்டார். இடம்தான் மாறிப்போயிற்று.

பொல்காவலையில் இறங்கி, மூன்று மணித்தியாலம் ஸ்டேசன் பலகையில் குந்தியிருந்து, மலை வண்டி ஏறி, நானு ஓயாவில் இறங்கியபோது கைவிரல் மரத்துவிட்டது. ஹோட்டல் கார் வந்தது. (காருக்குத் தனிக்காசாம். கடிதத்தில் இல்லை.) கட்டடம் படத்தில் உள்ளதுதான். ஆனால் படம் எடுத்தது முன்பக்கம், எங்களுக்குத் தந்தது பின்பக்கம்.

சொன்னதும் கண்டதும்:

மலைக் காட்சி. யன்னலைத் திறந்தால் துணி தோய்க்கிற கொட்டில். அதற்கு அப்பால் பனிப்புகார். மலை அதற்குள்தான் இருக்கிறது என்று பெட்டி தூக்கி வந்தவர் கையைக் காட்டினார்.

சுடுதண்ணி. பைப் இரண்டு. ஒன்றில் சிவப்புப் புள்ளி. திறந்தால் இருமுகிறது, தண்ணீர் இல்லை. மணி அடித்தோம். அரை மணித்தியாலம் கழித்து ஒரு பித்தளை வாளியில் வெந்நீர் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் இதைவிடச் சூடு.

நெருப்பு. சுவரில் அடுப்பு இருக்கிறது. விறகு தனிக்காசு. விறகுக்குக் காசு! பாலைக் குற்றியும் வீரைக் குற்றியும் என் வளவு மூலையில் கறையான் தின்னக் கிடக்கிறது.

கட்டில். இரண்டு. நடுவில் மேசை. சேர்த்துப் போடலாம் என்று இழுத்துப் பார்த்தேன், கால்களை நிலத்தோடு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். ம. வாயைப் பொத்திக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பிவிட்டாள்.

கம்பளி. ஈரம். நீளமும் போதாது. காலை மூடினால் தோள் வெளியில்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கலியாணம் கட்டிய பதினாலு வருசத்தில் அவளுக்கு நான் செய்த முதல் ஆடம்பரம் இது. ம. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள்.

"கலண்டருக்குப் படம் எடுத்தவன் கெட்டிக்காரன்" என்றாள்.

இப்போது இரண்டு கம்பளியையும் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மூக்கு மட்டும் வெளியில். "குளிர் எண்டால் நல்ல குளிர்தான். இதுக்கும் தனிக்காசோ?" என்று கம்பளிக்குள் இருந்து கேட்கிறாள். கொஞ்சம் கண் அயரப்போகிறேன். எழும்பியதும் சொல்வேன்.

ஓகஸ்ட் 11, வியாழன். காலை

எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

நேற்று இருட்டுப்படும் நேரம். இரண்டு பேரும் வண்டி அலுப்பில் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை. திடீரென்று தகரம் அடிக்கிற சத்தம். தொடர்ந்து. டணார், டணார்.

எங்கள் ஊரில் தகரம் கேட்டால் யோசிக்கிற வழக்கம் இல்லை. வயலுக்குள் ஆனை. முதல் கண்டவன் மண்ணெண்ணெய்த் தகரத்தை அடிப்பான், கேட்டவன் எல்லாம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கூவிக்கொண்டு ஓடவேண்டும். எட்டு வருசப் பழக்கம், கண் திறக்க முந்திக் கால் நிலத்தில் நிற்கும்.

நின்றது. டோர்ச்சைத் தூக்கினேன். "ஆனை! ஆனை!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்து ஓடினேன். பின்னால் ம. பித்தளை வாளியைக் கவிழ்த்துப் பிடித்து, தலைமயிர்ச் சீப்பால் அடித்துக்கொண்டு, "வாய்க்கால் பக்கமோ? எந்தப் பக்கம்?" என்று கத்துகிறாள். பள்ளிக்கூடச் சத்தம் அவளுடையது. சுவர் எல்லாம் அதிர்ந்தது.

ஓட ஓட ஒரே கம்பளம். நிலம் ஏன் மெத்தென்று இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு யோசனை. கடைசிக் கதவைத் தள்ளினேன்.

சாப்பாட்டு மண்டபம். மெழுகுதிரி. கோட் போட்ட ஆட்கள், முத்துமாலை போட்ட பெண்கள், எல்லோருடைய சூப்புக் கரண்டியும் பாதி வழியில். வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் பெரிய வெண்கலத் தட்டையும் தடியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாராம்.

நான் சாரத்தோடு. தலையில் மப்ளர். டோர்ச் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் முகத்தில். ம. மட்டும் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

அப்போது குசினிக் கதவைத் திறந்துகொண்டு வெள்ளைத் தொப்பி போட்ட கறுத்த ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, வன்னியிலை எந்த இடம்?"

"அக்கராயன்."

"நான் முல்லைத்தீவு. ஆனை இஞ்சை வராதையா. குளிர் தாங்காது."

பெயர் சவிரிமுத்து. தலைமைச் சமையல்காரர்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் ம. நிலத்தில் குந்திவிட்டாள். வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள், மறுபடி தொடங்கும். "அந்தக் கிழவன்... அந்தக் கிழவன் கையைத் தூக்கிப்போட்டான்..." அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருசம்! அப்போது சொல்லியிருக்கவேண்டும். எனக்கும் சிரிப்பு, சொல் வரவில்லை.

பிறகு சாப்பிடப் போனோம். கழுத்தில் ரை கட்டாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வேட்டி சால்வையோடு நின்றேன். இரவல் ரை ஒன்று கொடுத்தார்கள், பூச்சி மருந்து மணம். வேட்டிக்கும் சால்வைக்கும் மேல் ரை. தூணுக்குப் பின்னால் ஒரு மேசை. சூப்பு, அதில் கரட் மூன்று துண்டு. அவித்த உருளைக்கிழங்கு. இறைச்சி என்று ஒன்று, கத்திக்கும் அடங்கவில்லை, பல்லுக்கும் அடங்கவில்லை. இரண்டு பேருக்கும் பசி ஆறவில்லை. அறைக்கு வந்து ஊறுகாயை நக்கினோம்.

அதே நாள், பின்னேரம்

மழை விடவில்லை. நான்கு மணிக்குச் சவிரிமுத்து ஆள் அனுப்பினார். பின்பக்கத்தால் வரச் சொல்லி.

குசினி! இந்த ஹோட்டலில் சூடான இடம் அது ஒன்றுதான். பெரிய அடுப்பு, பக்கத்தில் மாப்பெட்டி இரண்டு போட்டு எங்களை இருத்தினார். சோறு. பருப்பு. செத்தல் மிளகாய்ச் சம்பல். ஊரில் இருந்து அவருக்கு வந்த கருவாடு பொரித்து. ம. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மூக்கால் ஓடியது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"ரீச்சருக்கு இன்னும் கொஞ்சம்?"

"போடுங்கோ. வெட்கப்பட்டால் நாளைக்கும் கரட்தான்."

சவிரிமுத்துக்கு வீடு கடற்கரையில். தகப்பன் தமையன் எல்லாம் களங்கண்ணி வலை கட்டி மீன் பிடிக்கிற தொழில். இவர் ஒரு துரை வீட்டில் சமைக்கப் பழகி இங்கே வந்தவர். மனிசி ஊரில். மார்கழியில் நத்தாருக்கு ஒருதரம், கோயில் பெருநாளுக்கு ஒருதரம் போவாராம்.

"எத்தனை வருசம்?" ம. கேட்டாள்.

"ஒரு வருசம் எண்டுதான் வந்தனான் அக்கா. இப்ப பதினொண்டு."

"மனிசி ஒண்டும் சொல்றேல்லையோ?"

"முந்திச் சண்டை பிடிப்பாள். அது நல்லம். இப்ப போனால் நல்ல பீங்கான் கோப்பையிலை சோறு போட்டுத்தாறாள். நான் சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்திலை நிக்கிறாள், 'இன்னும் போடட்டோ' எண்டு கேட்கிறாள். விருந்தாளுக்கு நிக்கிற மாதிரி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் கருவாட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ம. அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அறைக்குத் திரும்பும்போது படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படி வழுக்கியது என்றாள். படியில் கம்பளம் போட்டிருக்கிறது, வழுக்காது.

சொல்லவில்லை.

ஓகஸ்ட் 12, வெள்ளி

மழை. சைவ நாள். கோவா இலையை அவித்து, அதன் தலையில் முட்டை ஒன்று வைத்துக்கொண்டு வந்தார்கள். முட்டையை எடுக்கச் சொன்னோம். எடுத்துவிட்டு அதே கோவாவை வைத்தார்கள். ம. பாண் துண்டும் ஊறுகாயும் தின்றாள். நானும்.

காலையில் விறகுக் கட்டு ஒன்று வாங்கினேன். பச்சை ஈரம். மூட்டினால் நெருப்பு வரவில்லை, புகை மட்டும் வந்தது. ம. இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. காடு வெட்டி வயல் ஆக்கியவனுக்கு விறகு தெரியாதா? பின்வளவுக்குப் போனேன், கூரைக்குக் கீழ் காய்ந்த குற்றி கிடந்தது, கோடரியும் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டி ஒரு அரை மணித்தியாலம் கொத்தினேன். மூன்று நாளில் முதல் தரம் உடம்பில் சூடு ஏறியது.

மனேச்சர் குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சேர், கெஸ்ற் விறகு கொத்தக்கூடாது!"

"அப்ப கெஸ்ற்றுக்கு ஏன் ஈர விறகு தாறியள்?"

"மற்றவை பார்க்கினம், சேர்."

பார்த்தார்கள்தான். மேல் யன்னலில் அந்த வெள்ளைக்காரக் கிழவர் கை தட்டினார்.

கொத்திய விறகைக் கொண்டுபோய் மூட்டினேன். நல்ல நெருப்பு. ம. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள். முகத்தில் சிவப்பு வெளிச்சம். எல்லாம் சரியாக இருந்தது. வெளியில் மழை, உள்ளே நெருப்பு, அவள் தோளில் கம்பளி. நான் நினைத்து வந்த நேரம் இதுதான். தொண்டையைக் கனைத்தேன்.

"புகை பிடிச்சிட்டுதோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

இப்படி ஒரு மடையன் உலகத்தில் இருப்பானா?

அதற்குப் பிறகு நடந்தது. மேசை லாச்சியில் ஹோட்டல் கடதாசி இருக்கிறது. தடித்த கடதாசி, தலையில் ஹோட்டல் படம் அச்சடித்தது, இதற்குத் தனிக்காசு இல்லை. இந்த ஹோட்டலில் குறை சொல்ல முடியாத ஒரே சாமான். ம. நேற்றில் இருந்து தங்கச்சிக்கு, பள்ளிக்கூடத்து மற்ற ரீச்சருக்கு, தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று எழுதித் தள்ளுகிறாள். இன்று பின்னேரம் இன்னும் ஒன்று எழுதினாள். மெதுவாக. இரண்டு தரம் நிறுத்தி நெருப்பைப் பார்த்தாள். மடித்து, நக்கி ஒட்டி, என்னிடம் நீட்டினாள். விலாசம் கல்விக் கந்தோர்.

"மாங்குளத்திலை பெட்டியிலை போடுங்கோ."

"இஞ்சை குடுத்தால் போடுவினந்தானே."

"சுடுதண்ணியே வரேல்லை. கடிதம் போகுமோ?"

சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். மெல்லிய கடிதம்தான். என்ன எழுதினீர் என்று கேட்கவில்லை. உம்மட விருப்பம் என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

ஓகஸ்ட் 13, சனி

பெட்டி கட்டி முடிய வெயில். துணி தோய்க்கிற கொட்டிலுக்குப் பின்னால் மலை இருக்கிறதுதான். பெரிய மலை. நீலம். ஐந்து நிமிசம் பார்த்தோம், மூடிவிட்டது.

"சரி, கண்டிட்டம்" என்றாள் ம.

கணக்குச் சீட்டு இரண்டு பக்கம். கார், விறகு, வெந்நீர் வாளி, நெளிந்த வாளிக்குத் திருத்தக் கூலி. ரை இரவல் வாங்கியதற்கும் ஒரு வரி. கட்டினேன்.

மனேச்சர் பெரிய புத்தகம் ஒன்றை விரித்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், காட்சி அழகு, உபசாரம் அருமை என்று. ம. பேனையை வாங்கித் தமிழில் ஒரே வரி எழுதினாள்: "குசினி நல்ல சூடு." மனேச்சருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தலை குனிந்து நன்றி சொன்னார்.

சவிரிமுத்து பின்கதவால் வந்து சோற்றுப் பார்சல் தந்தார். தன் மனிசிக்கு ஒரு சிறிய பெட்டியும் தந்தார், தேயிலையும் கம்பளித் துணியும். முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னார். "நீங்கள் எப்ப வாறீங்கள் எண்டு சொல்ல?" என்று ம. கேட்டாள். "நத்தாருக்கு" என்றார். பிறகு, "சொல்லவேண்டாம் அக்கா. தெரியும் அவளுக்கு" என்றார்.

வண்டியில் ம. என் தோளில் சாய்ந்து நித்திரை. கடிதம் அந்தப் பக்கத்துப் பைக்குள்தான். அவளுடைய தலைப் பாரம் அதற்கு மேல். அசையாமல் இருந்தேன், கை விறைத்துவிட்டது.

ஓகஸ்ட் 14, ஞாயிறு. வீடு

விடிய மாங்குளம். இறங்கியதும் வெக்கை வந்து முகத்தில் அடித்தது. ம. கம்பளிச்சட்டையைக் கழற்றிப் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா."

முல்லைத்தீவு பஸ்ஸில் சவிரிமுத்துவின் பெட்டியைக் கொடுத்தோம். எங்கள் பஸ் ஹோர்ண் அடிக்கிறது. ஸ்டேசன் வாசலில் சிவப்புத் தபால்பெட்டி.

"கடிதம்" என்றாள்.

எடுத்தேன். பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கடிதம் பெட்டி வாய்க்குள் பாதி போய்விட்டது, விரல் விடவில்லை. பின்னால் ம. உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கொண்டக்டர், "அண்ணை, ஏறுறீங்களோ இல்லையோ?" என்று கத்துகிறான். ஒரு கிழவி கோழிக்கூட்டோடு என்னை இடித்துக்கொண்டு போகிறாள். நெருப்பு இல்லை, மழை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புழுதி.

"போகாதையும்" என்றேன்.

தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் சத்தமாகச் சொல்லிவிட்டேன். கோழிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

ம. பெட்டியை நிலத்தில் வைத்தாள். கிட்ட வந்தாள். என் விரலில் இருந்து கடிதத்தை இழுத்து எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள். பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டாள், கச்சான் வாங்கினாள், உடைத்து என் கைக்குள் போட்டாள். அப்போதும் இல்லை.

வயல் தப்பி நிற்கிறது. ஆனை வரவில்லை, பன்றி வந்து ஒரு மூலையைக் கிண்டியிருக்கிறது. சின்னத்துரையண்ணை, "எப்பிடி ஹோட்டல்?" என்றார். "குசினி நல்ல சூடு" என்றேன்.

ம. வீடு கூட்டினாள், சமைத்தாள், தலை முழுகினாள். கேட்கப் பயம். என்ன நினைக்கிறாள்?

ஓகஸ்ட் 15, திங்கள். காலை

காற்று. பன்றி கிண்டிய மூலைக்கு வேலி அடைக்கவேண்டும்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போது ம. கைப்பையில் இருந்து கடிதத்தை எடுத்து மேசையில் போட்டாள்.

"இதிலை வாறன் எண்டுதான் எழுதினனான்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"ஊர் முழுக்க எனக்குப் புத்தி சொல்லிச்சுது. அண்ணா போ எண்டார். அம்மா போ எண்டா. சின்னத்துரையண்ணையின்ரை மனிசிகூட ஒரு கதை சொன்னா. நீங்கள் மட்டும் உம்மட விருப்பம், உம்மட விருப்பம். உங்களுக்கு நான் வேணுமோ வேண்டாமோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாதோ உமக்கு?"

"தெரியும். தெரிஞ்சால் போதுமோ?"

கடிதத்தின் மூலையை நகத்தால் நீவினேன்.

"நிக்கிறன்" என்றாள். "எனக்கும் அந்த நாப்பது பிள்ளையளை விட்டிட்டுப் போய் அங்கை என்ன செய்யிறது எண்டுதான். ஆனால் லீவுக்கு லீவு கொக்குவிலுக்குப் போவன். தடுக்கக்கூடாது. குசினிக்குப் புகைக்கூடு கட்டவேணும், இந்த அரிவி வெட்டோடை."

"ஓம்."

"சரி, வேறை கடிதம் எழுதவேணும். ஹோட்டல் கடதாசி முடிஞ்சுது. பள்ளிக்கூடக் கடதாசி எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். பேனையைக் கையில் பிடித்தாள், நிமிர்ந்து இருந்தாள், வகுப்பில் இருக்கிற மாதிரி.

"காரணம் கேட்பினம். என்னெண்டு போட?"

"குடும்ப நிலைமை எண்டு போடும்."

"அது எல்லாரும் எழுதுறது. நீங்கள் நேற்றுச் சொன்னதைச் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"அதையோ? கந்தோருக்கோ?"

"சொல்லுங்கோ."

சொன்னேன்.

"விளங்கேல்லை. தபால்பெட்டிக்குச் சொன்ன மாதிரிச் சொல்லாதேங்கோ. இஞ்சாலை பார்த்துச் சொல்லுங்கோ."

அவளைப் பார்த்துச் சொன்னேன். மேசையில் கடதாசி மேல் குனிந்திருந்தாள்.

"கெதியாச் சொல்லிப்போட்டியள். இன்னொருக்கா. ஆறுதலா."

மூன்றாம் தரம், எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முடித்துவிட்டு, எங்கே வரைக்கும் எழுதிவிட்டாள் என்று எட்டிப் பார்த்தேன். கடதாசியில் ஒரு எழுத்து இல்லை. பேனைக்கு மூடியே கழற்றவில்லை.